சின்னக் கார் வாங்கப் போறீங்களா? சீட் பெல்ட்டை முழுசா வெளியே இழுத்துப் பாருங்க

"உங்க பட்ஜெட் எவ்வளவு மேடம்?" நான் ஏறி இறங்கிய ஷோரூம் எல்லாவற்றிலும் முதல் கேள்வி இதுதான். அடுத்த கேள்வி, "சார் வரலையா?" சார் மஸ்கட்டில் இருக்கிறார் என்று சொன்னதும் பேச்சு என் பையன் பக்கம் திரும்பிவிடும். அவன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். டச் ஸ்கிரீன் எத்தனை இன்ச், ரிவர்ஸ் கேமரா உண்டா என்று அவனுக்கு விளக்கிக்கொண்டிருப்பார்கள். ஓட்டப் போவதும் நான்தான், பணம் கட்டப் போவதும் நான்தான். காரில் யார் உட்காரப் போகிறார்கள் என்று மட்டும் ஒருத்தர் கேட்கவில்லை.

உட்காரப் போவது எங்கள் அம்மா. இரண்டு முட்டியும் தேய்ந்துபோய் பஸ் படி ஏற முடியாமல் ஆகிவிட்டது. ஆட்டோவில் குலுங்கி வந்தால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் கிடையாது. பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊருக்குப் போய்வர வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், வரும்போது நாலு தேங்காயும் ஒரு மூட்டை அரிசியும் டிக்கியில் போட இடம் வேண்டும். இவ்வளவுதான் தேவை. ஒரு தனியார் பள்ளியில் கணக்குப் பார்க்கிற எனக்கு ஐந்து லட்சத்துக்கு மேல் நினைத்தே பார்க்க முடியாது. 2025 தொடக்கத்தில் தேட ஆரம்பித்தேன். அதன் பிறகு நடந்ததை யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் ஐம்பதாயிரத்துக்கு மேல் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

விலை குறைந்த காராகப் பார்த்து முதலில் அம்மாவை உட்காரவைத்தேன். உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கத்தான் முடியவில்லை. "ஏட்டி, இது பள்ளத்துல எறங்குத மாதிரில்லா இருக்கு" என்றாள். மைலேஜ் கணக்கு, இஎம்ஐ கணக்கு எல்லாம் அந்த இடத்தில் அடிபட்டுப்போனது. வேகன்ஆர் மாதிரி உயரமான கார்கள் 1999-லிருந்து இத்தனை வருஷமாக ஏன் விற்றுக்கொண்டே இருக்கின்றன என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. பார்க்கப் பெட்டி மாதிரி இருக்கிறது என்று என் பையன் முகம் சுளித்தான். ஆனால் அந்த உயரத்தில் இருக்கிற சீட்டில் அம்மா நாற்காலியில் உட்கார்வதுபோல் பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள், அப்படியே எழுந்தாள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கட்டாயம் ஷோரூமுக்குக் கூட்டிப்போங்கள். ஒரு முறை உட்கார்ந்தால் போதாது, மூன்று நான்கு முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். விற்பனைப் பையன் நெளிவான், நெளியட்டும்.

டெஸ்ட் டிரைவ் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர்கள் கூட்டிப்போகும் வழி எப்போதும் சமமான, வண்டி குறைவான ரோடாகவே இருக்கும். நான் ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்துக்கு விடச் சொன்னேன். நாலு பேர், ஏசி ஆன், பாலத்தின் ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி மறுபடி எடுத்துப் பார்த்தேன். எஞ்சினில் எவ்வளவு தெம்பு இருக்கிறது என்று அந்த ஏற்றம் சொல்லிவிடும்.

சரி, வண்டி பிடித்தது. விலைச் சீட்டு கேட்டேன். பேஸ் வேரியன்ட் எக்ஸ் ஷோரூம் ஐந்தரை லட்சம். பட்ஜெட்டைத் தாண்டுகிறது, கொஞ்சம் நகைக்கடன் வாங்கிச் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். சீட்டில் அதற்குக் கீழே வரிசையாக இருந்தது: ஆயுள் வரி 71,500, இன்சூரன்ஸ் 34,000, ஆக்சஸரீஸ் கிட் 14,500, எக்ஸ்டெண்டட் வாரண்டி 12,000, ஹேண்ட்லிங் சார்ஜ் 7,500, பெயின்ட் புரொடெக்‌ஷன் 6,500. கூட்டினால் ஆறு லட்சத்து தொண்ணூற்றாறாயிரம். ஐந்தரை லட்சம் ஏழு லட்சமாகிவிட்டது.

இதில் வரியை ஒன்றும் செய்ய முடியாது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஐந்து லட்சம் வரைக்கும் 12 சதவீதம், அதற்கு மேல் பத்து லட்சம் வரைக்கும் 13 சதவீதம். மிச்சம் எல்லாமே பேசக்கூடியது. இன்சூரன்ஸை எங்கே போடுவது என்பது நம் இஷ்டம். 1000 சிசிக்கு உட்பட்ட புதுக் காருக்கு மூன்று வருஷத்துக்கான தேர்ட் பார்ட்டி (மற்றவர்களுக்கு ஆகிற சேதத்துக்கான) பிரீமியம் 6,521 ரூபாய் என்று அரசு நிர்ணயித்தது. அது எங்கே போட்டாலும் ஒன்றுதான். அதற்கு மேல் இருக்கிற ஓன் டேமேஜ், அதாவது நம் வண்டிக்கு ஆகிற சேதத்துக்கான பகுதியில்தான் விளையாட்டு. வெளியே விசாரித்தபோது அதே மதிப்புக்கு ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் கிளைம் தருவது) சேர்த்தே 22,000 சொன்னார்கள். இதைச் சொன்னதும் ஷோரூமில், "வெளிய போட்டா கேஷ்லெஸ் கிடைக்காது மேடம், அப்புறம் எங்களைச் சொல்லக் கூடாது" என்றார்கள். கேஷ்லெஸ், அதாவது நாம் முழுப் பணம் கட்டாமல் கம்பெனியே நேராக ரிப்பேர் செலவைக் கட்டுவது, கிடைக்குமா என்பது அந்த சர்வீஸ் சென்டர் அந்த இன்சூரன்ஸ் கம்பெனியின் நெட்வொர்க்கில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. கம்பெனிக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். ஹேண்ட்லிங் சார்ஜ் என்பது அரசுக்குப் போகிற பணம் இல்லை. "இது எந்த ரூல்ல இருக்கு, எழுதிக் குடுங்க" என்று கேட்டதும் அந்த வரி மட்டும் சீட்டிலிருந்து காணாமல் போனது.

அடித்துப் பேசி ஆறே முக்காலுக்குக் கீழே கொண்டுவந்து, பத்தாயிரம் கட்டி புக் பண்ணினேன். பிறகுதான் தெரிந்தது, பேஸ் வேரியன்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. "அதுக்கு மேல உள்ள மாடல் ரெடியா நிக்குது மேடம், எழுபதாயிரம்தான் கூட." வாரம் தவறாமல் போன் வந்தது, அதே வசனம். விளம்பரத்தில் போடுவதற்கு ஒரு விலை, விற்பதற்கு வேறொரு விலை. கடைசியில் கேன்சல் செய்தேன். இரண்டாயிரம் பிடித்துக்கொண்டுதான் மிச்சத்தைத் தந்தார்கள். புக் பண்ணும் ரசீதிலேயே டெலிவரி மாதத்தையும், கேன்சல் செய்தால் முழுத் தொகை என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகுதான் செகண்ட் ஹேண்ட் பக்கம் வந்தேன்.

அதற்கு முன்னால் உறவுக்காரர்கள் சொன்ன ஆலோசனைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். "இருக்கதுலயே சீப்பான காரு எதுவோ அத வாங்கிட்டுப் போ, உனக்கு என்ன ரேஸா ஓட்டப் போற?" என்றார் மாமா ஒருவர். அவர் வீட்டில் நிற்பது பெரிய வண்டி. சின்னக் கார் வாங்குகிறவர்களுக்கு விலை குறைவாக இருந்தால் போதும் என்று நினைப்பவர் மாமா மட்டும் இல்லை. ஸ்கூட்டரில் குடும்பத்தோடு நனைந்து போகிறவர்களுக்காக என்று ரத்தன் டாடா 2008 ஜனவரியில் நானோவைக் காட்டினார். 2009-ல் விற்பனைக்கு வந்தது. நல்ல எண்ணம், உள்ளே இடமும் தாராளம். ஆனால் தொடக்கத்தில் வந்த வண்டிகளில் பின்கதவு திறக்காது, டிக்கிக்குப் பின் சீட்டை மடக்கித்தான் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் 'உலகத்திலேயே விலை குறைந்த கார்' என்ற பெயர். அப்படி விற்றது தவறு என்று ரத்தன் டாடாவே பிற்பாடு சொன்னார். பத்து வருஷத்துக்குள் வண்டி நின்றுபோனது. 2015-ல் வந்த ரெனோ க்விட்டைப் பாருங்கள். அதுவும் சின்னக் கார்தான். ஆனால் தரையிலிருந்து 180 மில்லிமீட்டர் உயரம், 300 லிட்டர் டிக்கி, பார்வைக்கு ஜீப் சாடை. ஜனம் வரிசையில் நின்று வாங்கியது. முதல் கார் வாங்குகிற குடும்பம் அதைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்தி, எலுமிச்சம்பழம் வைத்து, பக்கத்து வீட்டுக்கு இனிப்பு கொடுக்கிற குடும்பம். 'இருக்கிறதிலேயே மட்டமானது' என்று யாரும் பொட்டு வைக்க மாட்டார்கள்.

எனக்கும் அந்த ஆசை இருந்தது. மறைக்கவில்லை. தூத்துக்குடியிலிருந்து ஒரு புரோக்கர் மூலம் வந்த வண்டி 2017 மாடல், சிங்கிள் ஓனர், உயரமான சீட், பளபளவென்று பாலிஷ் போட்டிருந்தது. மூன்று லட்சத்துப் பத்தாயிரம், கமிஷன் ஆறாயிரம் தனி. செகண்ட் ஹேண்ட் காருக்கு வங்கியில் 14 சதவீத வட்டி சொன்னார்கள், அதனால் கையிருப்போடு நகைக்கடன் வைத்தேன். அது வட்டி குறைவு. 2023 டிசம்பர் 17, 18-ல் தூத்துக்குடியும் நெல்லையும் எப்படி மூழ்கின என்று இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அதனால் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டேன். "அந்த நேரம் வண்டி கோயம்புத்தூர்ல இருந்துச்சு அக்கா, ஓனர் அங்கதான் வேலை பாத்தாரு" என்றார் புரோக்கர். கண் இமைக்காமல் சொன்னார்.

வாங்கின கொஞ்ச நாளில் ஹாரன் தானாக அடித்தது. அப்புறம் பவர் விண்டோ இறங்கினால் ஏறாது. ஒரு நாள் முக்கூடல் ரோட்டில் போகும்போது மீட்டர் முள் எல்லாம் கீழே விழுந்து வண்டி அணைந்தது. பக்கத்தில் அம்மா. சித்திரை வெயில். தள்ளி மரத்தடியில் விட்டு, டோ பண்ணி, தெரிந்த மெக்கானிக் அண்ணாச்சியிடம் கொண்டுவந்தேன். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. டிரைவர் சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசிவரைக்கும் மெல்ல இழுத்தார். நாம் தினமும் இழுக்கிற பகுதி கறுப்பாகச் சுத்தமாக இருந்தது. அதற்கும் உள்ளே, சுருளின் கடைசியில், பட்டையின் குறுக்கே பழுப்பாக ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே முழுக்க காய்ந்த வண்டல். நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. "ஆத்துத் தண்ணி எம்மா இது. மழைத் தண்ணி இப்பிடி கோடு போடாது" என்றார். பிறகு கார்ப்பெட்டைத் தூக்கினார், சீட் ரெயிலின் போல்ட்டைக் காட்டினார், ஸ்டெப்னி வைக்கிற குழிக்குள் கையை விட்டுத் துரு எடுத்துக் காட்டினார். வெளியே தெரிகிற இடமெல்லாம் கழுவியிருந்தார்கள். தெரியாத இடம் எதையும் தொடவில்லை.

இன்னொன்று, எந்த மெக்கானிக்கும் இல்லாமலேயே பார்த்திருக்கக்கூடியது, கிளவ் பாக்ஸிலேயே கிடந்தது. பழைய இன்சூரன்ஸ் பாலிசி. அதில் என்சிபி, அதாவது நோ கிளைம் போனஸ், என்று ஒரு கட்டம் இருக்கும். கிளைம் வாங்காமல் வருஷா வருஷம் புதுப்பித்தால் அது 20, 25, 35, 45 என்று ஏறி ஐந்து வருஷத்தில் 50 சதவீதத்தில் நிற்கும். 2017 வண்டிக்கு 50 இருக்க வேண்டும். என் வண்டியின் 2024 ஜூன் பாலிசியில் பூஜ்யம். 2023 ஜூனுக்கும் 2024 ஜூனுக்கும் நடுவில் கிளைம் வாங்கியிருக்கிறார்கள், அல்லது பாலிசியையே விட்டிருக்கிறார்கள். எதுவானாலும் 'ஏன்' என்று கேட்க வேண்டிய இடம் அது. பழைய வண்டி பார்க்கப் போனால் பாலிஷைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த ஒரு கட்டத்தைப் பாருங்கள். வண்டி நம்பரைக் கொடுத்தால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் ஹிஸ்டரியும் எடுக்கலாம். ஓனரைக் கூட வரச் சொல்லுங்கள். வர மாட்டேன் என்றால் அதுவே பதில்.

வயரிங், ஈசிஎம் (எஞ்சினை இயக்குகிற கம்ப்யூட்டர்), இரண்டு சென்சார், எல்லாம் சேர்த்து 38,500 ஆனது. புரோக்கருக்குப் போன் போட்டால், "பாத்து ஓட்டித்தானக்கா வாங்குனீங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அன்றைக்கு வந்த அழுகை பணத்துக்காக மட்டும் வந்ததில்லை. "ஆம்பளையாளு யாரையாவது கூட்டிட்டுப் போயிருக்கலாம்லா" என்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். ஆண்கள் கூட வந்தால் சீட் பெல்ட்டில் கோடு அழிந்துவிடுமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அடுத்து வந்தது ஆர்சி பஞ்சாயத்து. ஆர்சியில் ஒரு வங்கியின் பெயர் இருந்தது. கடன் முடிந்துவிட்டது, எச்பி கேன்சல் பண்ணி (ஆர்சியிலிருந்து வங்கி பெயரை நீக்கி) நாங்களே பெயர் மாற்றித் தருகிறோம் என்று சொல்லி முழுப் பணத்தையும் வாங்கியிருந்தார்கள். அதற்கு வங்கியின் என்ஓசியும் (கடன் பாக்கி இல்லை, பெயரை எடுக்கலாம் என்ற கடிதம்) ஃபார்ம் 35-உம் வேண்டும். என்ஓசிக்குக் கெடு உண்டு, பெரும்பாலும் மூன்று மாதம். பழைய ஓனர் எப்போதோ வாங்கின என்ஓசி காலாவதியாகிக் கிடந்தது, புதிதாக வாங்க அவர்தான் போக வேண்டும். அவர் போனை எடுக்கவில்லை. பங்குனியில் வாங்கின வண்டிக்கு ஆடி பிறக்கிற வரைக்கும் அலைந்தேன். நடுவில் ஜூனில் பாலிசி முடிந்தது. ஆர்சி என் பெயரில் இல்லாததால் என் பெயரில் பாலிசி போட முடியவில்லை. வண்டி வாசலில் நின்றது, அம்மா பழையபடி ஆட்டோவில் போனாள். ஆட்டோ, டாக்சி, டோ எல்லாமாகப் பதினோராயிரத்துக்கு மேல் போனது.

கடைசியில் வழி கிடைத்தது ஒரு தீர்ப்பினால். வண்டியை விற்ற பிறகும் ஆர்டிஓ பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கிறது. இதைப் பள்ளியில் உடன் வேலை பார்க்கும் ஒருவரின் வக்கீல் மகன் சொன்னான். பழைய ஓனருக்கு வாட்ஸ்அப்பில் மரியாதையாக எழுதினேன்: "சார், வண்டி இன்னும் உங்க பேர்லதான் இருக்கு. இன்சூரன்ஸும் இல்ல. நாளைக்கு எங்கயாவது இடிச்சா கோர்ட்டுல உங்களத்தான் கேப்பாங்க." இத்தனை மாதமாக எடுக்காத போன் அன்றைக்குச் சாயங்காலமே வந்தது. அந்த வாரமே என்ஓசியும் வந்தது. ஆகையால் அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டு, ஃபைனான்ஸ் பெயர் இருக்கிறதா, எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எதுவரைக்கும் என்று பார்த்துவிடுங்கள். ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் அது நீங்கும்வரை ஒரு முப்பதாயிரத்தையாவது கையில் நிறுத்துங்கள். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-ல் ஓனர் உங்கள் கண் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். வண்டி கைமாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் மாற்ற எழுதிக் கொடுங்கள். தேர்ட் பார்ட்டி பாதுகாப்பு வண்டியோடு தானாக வரும். உங்கள் வண்டிக்கு ஆகிற சேதத்துக்கான காப்பீடு அப்படி வராது.

பாதுகாப்பு பற்றியும் சொல்லிவிட வேண்டும். 2014-ல் குளோபல் என்கேப் (கார்களை மோதிப் பார்த்துப் பாதுகாப்புக்கு ஸ்டார் கொடுக்கிற அமைப்பு) இந்தியாவில் அதிகம் விற்ற சில சின்னக் கார்களின் ஏர்பேக் இல்லாத மாடல்களை மோதிப் பார்த்தபோது எல்லாவற்றுக்கும் பூஜ்யம் ஸ்டார். சின்னக் கார் வாங்குகிறவர்களுக்குப் பாதுகாப்பு தேவையில்லை என்பதுபோல் ஏர்பேக்கை மேல் மாடலில் மட்டும் வைத்து விற்றார்கள், பிறகு 'மக்கள் கேட்கவில்லை' என்றும் சொன்னார்கள். சட்டம் வந்த பிறகு கொடுத்தார்கள். 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), 2019 ஜூலையிலிருந்து டிரைவர் ஏர்பேக், 2022 ஜனவரியிலிருந்து பக்கத்து சீட்டுக்கும் கட்டாயம். பழைய வண்டி தேடும்போது இந்தத் தேதிகளை மனதில் வையுங்கள். ஐம்பதாயிரம் கூடப் போனாலும் 2019 ஜூலைக்குப் பிந்தைய வண்டியாகப் பாருங்கள். என்னுடைய 2017 பேஸ் மாடலில் இரண்டும் இல்லை. நான்குவழிச் சாலையில் அறுபதுக்கு மேல் போக இன்னமும் மனம் வரவில்லை.

வண்டி இப்போது ஓடுகிறது. கணக்குப் பார்க்கிறவள் என்பதால் நோட்டில் எழுதிவைக்கிறேன். மாதம் ஐந்நூறு கிலோமீட்டருக்கு பெட்ரோல் மூவாயிரம். இன்சூரன்ஸை மாதத்துக்குப் பிரித்தால் 650, சர்வீஸ் 500, டயருக்கென்று ஒதுக்குவது 400. நகைக்கடன் வட்டி தனி. இந்த நாலு வரிக் கணக்கைத்தான் நான் ஷோரூம் ஷோரூமாகத் தேடினேன். மாதம் எவ்வளவு ஆகும், எது எப்போது கெடும், பக்கத்தில் யார் சரிபண்ணுவார்கள், நாலு வருஷம் கழித்து என்ன விலை போகும் என்று கேட்டால் "மைலேஜ் நல்லா கிடைக்கும் மேடம்" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். ரீசேலைப் பற்றிக் கேட்பதை வெட்கமாக நினைக்காதீர்கள். 2022-ல் டாட்ஸன் கார் கம்பெனி இந்தியாவை விட்டுப் போனபோது அந்தச் சின்னக் கார்களை வைத்திருந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் அருமை தெரிந்திருக்கும்.

இப்போது வாங்கப் போகிறவர்களுக்கு எனக்குக் கிடைக்காத ஒரு வசதி இருக்கிறது. 2025 செப்டம்பர் 22-லிருந்து நாலு மீட்டருக்குள், 1200 சிசிக்குள் இருக்கிற பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்ந்து 29 சதவீதமாக இருந்தது 18 ஆகிவிட்டது. புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டியும் இறங்கியாக வேண்டும். ஆனால் புரோக்கர்கள் பழைய விலையிலேயே பேச்சை ஆரம்பிப்பார்கள். அதே மாடலின் இன்றைய ஆன்ரோடு விலையை (வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்தது), ஆக்சஸரீஸ் கிட் எல்லாம் கழித்து, எழுதி வாங்கின சீட்டாகக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கப்புறம் உட்கார்ந்து பேசுங்கள்.